தயிர் ஏன் புளிக்கிறது? அமிலவலிமையை ஒப்பிடும் முறை

மட்டக்களப்புச் சட்டித் தயிரைப் புளிக்க வைப்பது இலற்றிக் அமிலம். புரொப்பனோயிக் அமிலத்தின் 2ஆம் காபனில் ஓர் ஐதரொட்சில் (OH) கூட்டம் ஏறியிருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் பீகேஏ (pKa, அமிலவலிமையைக் காட்டும் எண்) 4.87 இலிருந்து 3.86 ஆக இறங்குகிறது. பீகேஏ 1 இறங்கினால் அமிலவலிமை 10 மடங்கு ஏறும். இதைத் தலைகீழாகப் பிடித்தால் மிச்சமெல்லாம் பிழைக்கும்.

படி 1: அமிலத்திலிருந்து புரோத்தனைக் (H⁺) கழற்றி, மிஞ்சும் பகுதியை, அதாவது இணைமூலத்தை, வரையுங்கள். அமிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் விடை வராது. இணைமூலத்தின் மறையேற்றம் பரவப் பரவ அது உறுதியாகும்; அமிலமும் வலிமை பெறும்.

படி 2: முதலில் பரிவை, அதாவது ஏற்றம் ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களில் பரவுவதை, தேடுங்கள். பீகேஏ எதனோலுக்கு ஏறத்தாழ 16, பீனோலுக்கு 10, எதனோயிக் அமிலத்துக்கு 4.76. எதனோலின் இணைமூலமான எதொட்சைட்டில் ஏற்றம் ஒரே ஒட்சிசனில் முடங்கிக் கிடக்கிறது. பீனொட்சைட்டில் வளையத்துக்குள் பரவினாலும் காபன்களில்தான் போய் நிற்கிறது. எதனோயேற்றிலோ இரண்டு ஒட்சிசன்கள் சரிபாதியாகப் பங்கிடுகின்றன.

படி 3: பரிவு ஒன்றுபோல இருந்தால் தூண்டலுக்கு, அதாவது ஓர் அணு பிணைப்புகளின் வழியே இலத்திரன்களை இழுப்பதற்கு, வாருங்கள். இங்கே தூரம் முக்கியம். பியூற்றனோயிக் அமிலம் 4.82. குளோரீன் 2ஆம் காபனில் இருந்தால் 2.86, 3இல் 4.05, 4இல் 4.52. சிக்மா (ஒற்றைப்) பிணைப்பு ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் இழுவை தளர்கிறது. ஆகவே குளோரீன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தக் காபனில் என்று எண்ணுங்கள்.

படி 4, அதிகம் சறுக்கும் இடம்: ஒரே கூட்டம் இழுக்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். தயிரில் வலிமையைக் கூட்டிய அதே ஐதரொட்சில், பென்சோயிக் அமிலத்தின் (4.20) 4ஆம் இடத்தில் அமர்ந்தால் 4.58, வலிமை குறைகிறது. அங்கே ஒட்சிசனின் தனிச்சோடி (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடி) பரிவினால் வளையத்துக்குள் இறங்க, தூண்டல் தோற்றுப்போகிறது. 3ஆம் இடத்தில் அந்தப் பரிவு காபொட்சிலை (COOH) எட்டாது; பீகேஏ 4.08, வலிமை ஏறுகிறது.

சோதித்துப் பார்க்க அப்பச்சோடா போதும். காபோனிக் அமிலத்தை விட வலிய அமிலம்தான் அதை நுரைக்க வைக்கும். எதனோயிக் அமிலம் உள்ள வினாகிரியில் போட்டால் நுரைக்கும். பீனோல் காபோனிக் அமிலத்தை (6.35) விட வலிமை குறைந்தது, நுரைக்காது. (பீனோல் தோலைச் சுடும், வீட்டில் வேண்டாம்.) ஆனால் நுரைத்தவுடன் காபொட்சிலிக் அமிலம் என்று எழுதிவிடாதீர்கள்: 3 நைத்திரோக் கூட்டங்கள் ஏறிய பிக்ரிக் அமிலம் வெறும் பீனோல்தான், அதன் பீகேஏயோ ஏறத்தாழ 0.4.