செய்தித்தாள் படக்கதை பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முறை

பெங்களூரின் அல்சூரில் ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருபவர்கள், படக்கதையின் வரலாற்றை ஒரே பிற்பகலில் சொல்ல விரும்பினால், ‘முதல் படக்கதை எது’ என்ற கேள்வியோடு தொடங்க வேண்டாம். அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒவ்வொரு படத்திலும் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெனீவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ரொடோல்ஃப் டாப்ஃபெர் 1830களில் அச்சிட்ட கதைகளிலும், வில்ஹெல்ம் புஷ் 1865இல் வெளியிட்ட ‘மாக்ஸும் மோரிட்ஸும்’ நூலிலும் எழுத்து படத்துக்கு வெளியே நிற்கிறது. இவை செய்தித்தாளில் வந்தவை அல்ல என்பதால் விரைந்து கடந்துவிடலாம்.

நேரம் செலவிட வேண்டியது, ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த மொட்டைத்தலைச் சிறுவனிடம். நியூயார்க்கின் சேரிச் சந்தில் திரியும் அவன், 1895இல் ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் தோன்றினான். அவன் பேச்சு, அவன் அணிந்திருந்த மஞ்சள் அங்கியின் மேலேயே எழுதப்பட்டது. மறு ஆண்டில் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் அவுட்கால்ட்டைத் தம் ‘ஜர்னல்’ இதழுக்கு இழுத்துக்கொள்ள, புலிட்சர் வேறோர் ஓவியரைக் கொண்டு அதே சிறுவனைத் தொடர்ந்து வரைவித்ததால், ஒரே பையன் இரண்டு பத்திரிகைகளில் உலவினான். நாம் வேறு பொருளில் வழங்கும் ‘மஞ்சள் பத்திரிகை’ என்ற சொல்லும் அந்த அங்கியோடு தொடர்புடையதுதான். பிள்ளைகள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அவுட்கால்ட் வரைந்த 1896 அக்டோபர் 25ஆம் தேதிப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுப் பெட்டியிலிருந்து வரும் குரல் குமிழ்களுக்குள் எழுதப்பட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கிளி வெளியே வரும். பேச்சுக் குமிழ் பழைய ஆங்கிலக் கேலிச்சித்திரங்களிலேயே உண்டு. இங்கே அது அடுத்தடுத்த கட்டங்களில் கதையை நகர்த்துகிறது. குமிழ்களைத் தாளால் மறைத்து ஒருமுறையும், திறந்து ஒருமுறையும் காட்டினால் வேறுபாடு விளங்கும்.

பிறகு குமிழ்களைத் தமிழில் நிரப்பச் சொல்லுங்கள். சிறுவன் பேசுவது சேரிக் கொச்சை. 1897 டிசம்பரில் ருடால்ஃப் டர்க்ஸ் தொடங்கிய ‘கட்சன்ஜாமர் கிட்ஸ்’ கதையின் மாந்தர் பேசுவதோ ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலம். ஆகவே கன்னடம் கலந்த நம் தெருத்தமிழைத் திருத்த வேண்டாம். ‘சக்கத்தா (பிரமாதமாக) இருக்கு மச்சா’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அவுட்கால்ட்டின் குரலுக்குச் செந்தமிழைவிட அதுவே நெருக்கம் என்பது என் எண்ணம்.

இறுதியாக, பட் ஃபிஷர் 1907 நவம்பர் 15 முதல் ‘சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ விளையாட்டுப் பக்கத்தில் வரைந்த ‘மட்’ என்ற குதிரைப் பந்தயப் பித்தனின் கதை. அன்றைய பந்தயத்தில் உண்மையாகவே ஓடும் குதிரைகள்மேல் அவன் பணம் கட்டுவான். வென்றானா என்று அறிய வாசகர் மறுநாள் இதழை வாங்க வேண்டும். பிள்ளைகளிடம் நீண்ட தாள் துண்டைக் கொடுத்து மூன்று கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். நான்காவது கட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான்.