பன்ட் ரிட்டர்னர் யார்? சராசரியை வைத்துச் சண்டை போடாதீர்கள்

ஆகஸ்டில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் பயிற்சி முகாம்கள் சூடுபிடித்ததும், பன்ட்டை, அதாவது எதிரணி உயரமாக உதைத்து அனுப்பும் பந்தை, எடுத்து ஓட யாரை நிறுத்துவது என்று ரசிகர்கள் மோதிக்கொள்வார்கள். வேகம் மட்டும் போதாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். மற்ற தவறுகள் இவை.

சராசரியைக் காட்டி வாதாடுவது

"இவருக்கு 16 யார்டு, அவருக்கு வெறும் 8" என்பார்கள். கேட்டாலே எரிச்சல் வரும். அந்தக் கணக்கில் எடுத்து ஓடிய பந்துகள் மட்டும்தான் வரும். ஃபேர் கேட்ச், அதாவது கைகாட்டிவிட்டு ஓடாமல் பிடிப்பது, வராது, பிடிக்காமல் விட்டு உருண்டுபோன பந்தும் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 பன்ட். முதல் ஆள் 4 பந்தை எடுத்து 60, 2, 2, 2 யார்டு ஓடுகிறார். சராசரி 16.5. மீதி 3 பந்துக்கு முன்னே ஓடி வராமல் நின்றுவிட, ஒவ்வொன்றும் 12 யார்டு பின்னால் உருள்கிறது. 66-இல் 36 போனால் 30. அடுத்த ஆள் ஏழையும் பிடிக்கிறார்: 3 ஃபேர் கேட்ச், 4 ஓட்டம், தலா 8 யார்டு. மொத்தம் 32. அந்த 60 யார்டு ஓட்டம் இருந்தும் முதல் ஆள் பின்தங்கிவிட்டார். அப்படிப்பட்ட நீண்ட ஓட்டம் அடுத்த ஆண்டும் வரும் என்று யார் சொன்னது? பேட்ரிக் பீட்டர்சன் 2011-இல், முதல் பருவத்திலேயே, 4 பன்ட்டை எதிரணியின் கடைசிக் கோடு வரை கொண்டுபோய் டச்டவுனாக்கினார். அதன்பின் ஒன்றுகூட இல்லை.

மஃப், அதாவது கையில் பட்டு நழுவும் பந்து, இந்தச் சராசரியைத் தொடுவதே இல்லை. உதைத்த அணி அதை எடுத்து ஓட முடியாதுதான். ஆனால் விழுந்து பிடித்தால் அந்த இடத்திலேயே பந்து அவர்களுடையது.

உருளும் பந்தின் பக்கத்தில் நிற்பது

2012 ஜனவரி, என்எஃப்எல்லின் இரு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் இறுதிப் போட்டி. வழக்கமாக நிற்கும் டெட் ஜின் காயத்தால் ஆடாததால் ஃபோர்ட்டிநைனர்ஸ் அணிக்கு கைல் வில்லியம்ஸ் நின்றார். துள்ளிய பந்து அவர் முழங்காலில் உரசியது, எதிரணியான ஜயன்ட்ஸ் அமுக்கிக்கொண்டது. கூடுதல் நேரத்தில் ஓடும்போது பந்தைப் பறிகொடுத்தார். ஜயன்ட்ஸ் 20-17 என வென்றது. பிடிக்கப் போவதில்லை என்றால் உடனே விலக வேண்டும், தன் அணித் தடுப்பாளர்களையும் கத்தி விலக்க வேண்டும். அவர்கள் மேல் பட்டாலும் ஆபத்துதான்.

ஃபேர் கேட்ச்சைக் கோழைத்தனம் என்பது

பந்து நாலரை விநாடி காற்றில் நின்று, எதிரணி கன்னர், அதாவது பன்ட்டைத் துரத்தி முதலில் ஓடிவரும் ஆள், 2 யார்டில் வந்துவிட்டால் வேறு வழியே இல்லை. கையைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்தி ஆட்ட வேண்டும். அரைகுறையாகக் காட்டினால் 5 யார்டு அபராதம்.

10 யார்டுக் கோட்டுக்குப் பின்னால் போய்ப் பிடிப்பது

விட்டுவிடுங்கள். பந்து எண்ட் ஸோனுக்குள், அதாவது உங்கள் பக்கக் கடைசிக் கோட்டுக்கு அப்பால், போனால் 20 யார்டுக் கோட்டில் ஆரம்பிக்கலாம்.

கிக்காஃப் எடுப்பவரையே கேட்பது

கிக்காஃப், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை, வேறு வேலை. கோர்டரெல் பாட்டர்சன் கிக்காஃபில் 9 டச்டவுன் எடுத்துச் சாதனை படைத்தவர், பன்ட்டுக்கு அவரை நிறுத்தியது மிக அபூர்வம்.

இடதுகால் உதைப்பவரை மறப்பது

பந்தின் சுழற்சி தலைகீழ். அடுத்த வாரம் அப்படி ஒருவர் வருகிறார் என்றால் புதுமுகத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது ஆளைப் பார்க்காமல் விடுவது

ஜின் இல்லாத நாளில்தான் வில்லியம்ஸ் நின்றார். முன்பருவ ஆட்டங்களில் மாற்று ஆள் எத்தனை பந்தைத் தரையில் விடாமல் பிடிக்கிறார் என்று எண்ணுங்கள், ஓடிய யார்டை அப்புறம் பார்க்கலாம்.