டிபிஎஃப் அடைத்துக்கொண்டால் செய்யக்கூடாதவை

பிக்கப் டிரக்கின் டேஷ்போர்டில் டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிந்தால், அதை எப்படிச் சுத்தம் செய்வது என்றுதான் பலரும் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: உள்ளே சேர்ந்திருப்பது கரியா, சாம்பலா, இல்லை உள்ளே ஒன்றும் இல்லாமலே சென்சார் தப்பாகச் சொல்கிறதா? மூன்றுக்கும் ஒரே விளக்குதான் எரியும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதைப் பார்க்காமல் வேலையில் இறங்குவதால் வருபவை.

டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. கோர்டியரைட் அல்லது சிலிக்கன் கார்பைடால் செய்திருப்பார்கள். அதில் குறுகலான குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு குழலுக்கு முன்வாய் திறந்து பின்வாய் மூடியிருக்கும், பக்கத்துக் குழலுக்கு அப்படியே நேர்மாறு. அதனால் புகை சுவரின் நுண்துளைகள் வழியாக நுழைந்துதான் வெளியே போக முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரித்துக் காலி செய்வதைத்தான் ரீஜெனரேஷன், சுருக்கமாக ரீஜென் என்கிறோம்.

அது இரண்டு விதமாக நடக்கும். சுமையோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது புகையின் சூடு 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில், முன்னால் உள்ள ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும். ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. இது போதாதபோது ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, கூடுதலாக டீசலைப் புகையோடு கலக்கச் செய்து, கேட்டலிஸ்டில் அதை எரித்து, ஃபில்டரை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். இதற்குப் பத்து முதல் இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் என்பது இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்து மிஞ்சுவது. எத்தனை ரீஜென் ஓட்டினாலும் அது அப்படியே குழல்களின் பின்கோடியில் படிந்து, கரி தங்குவதற்கான இடத்தைக் குறைத்துக்கொண்டே வரும்.

பாதி ரீஜெனில் வண்டியை நிறுத்துவது

இதுதான் மிகப் பரவலான தவறு. வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை, ரீஜென் ஓடுவதே தெரியாமல் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். கவனித்தால் அடையாளங்கள் உண்டு. ஐடிலிங் ஆர்பிஎம் வழக்கத்தைவிடச் சற்று ஏறி நிற்கும். உடனடி எரிபொருள் கணக்கு திடீரென்று மோசமாகும். ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றும், சூடான உலோக வாடை வரும், ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டியில் அது வேலை செய்யாது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், இன்னும் பத்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒரு தடவை பாதியில் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது, அடுத்த ஓட்டத்தில் ஈசியூ மறுபடி முயற்சி செய்யும். தொடர்ந்து நின்றுகொண்டே இருந்தால்தான் ஆபத்து. கரி சேருவது ஒரு பக்கம் இருக்கட்டும், சிலிண்டருக்குள் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் ஒரு பகுதி எரியாமல் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும்.

அதனால் டிபிஎஃப் சிக்கல் உள்ள வண்டியில் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு தவறுதான். ஆயில் குறைகிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், அளவு ஏறியிருந்தால் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். மேல் கோட்டைத் தாண்டி ஏறி, டீசல் வாடையும் வந்தால் அந்த ஆயில் நீர்த்துப்போய்விட்டது. டர்போ பேரிங்குகள்தான் முதலில் அடிவாங்கும். அளவு மிகவும் கூடினால் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும் நிலைகூட வரலாம். ஆயிலை மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

நிறுத்தி வைத்து உறுமவிடுவது

பிக்கப் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை நடக்கும் இடத்தில் ஏசிக்காகவோ கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கவோ மணிக்கணக்கில் இன்ஜினை ஐடிலில் விட்டுவிடுவார்கள். சுமை இல்லாத இன்ஜினின் புகை சூடாவதே இல்லை. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். பின்னால் சுமை ஏற்றாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டங்களும் இதே கதைதான். உண்மையில் இழுவைக்கும் சுமைக்கும் செய்யப்பட்ட வண்டியை அந்த வேலைக்குப் பயன்படுத்தினால் டிபிஎஃப் நன்றாகவே இருக்கும். நகரத்துக்குள் சின்னச் சின்ன வேலைக்கு மட்டும் ஓடும் பிக்கப்தான் அடிக்கடி பட்டறைக்கு வருகிறது.

விளக்கு எரிந்தபின் நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டால் சுத்தமாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆர்பிஎம் ஏறினாலும் சுமை இல்லாததால் தேவையான சூடு கிடைக்காது. கியரில் போட்டு, 2000 ஆர்பிஎம்முக்கு மேல் பிடித்து, ஏற்றம் உள்ள சாலையில் அரை மணி நேரம் ஓட்டுவதுதான் பலன் தரும். விளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தால் இதுவே பல நேரங்களில் போதும்.

சில டிரக்குகளில் நிறுத்தி வைத்தே ரீஜென் செய்ய ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தும் முன் வண்டி நிற்கும் தரையைப் பாருங்கள். காய்ந்த புல், வைக்கோல், சருகு, சிந்திய எண்ணெய் எதுவும் கீழே இருக்கக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள்ளும் வேண்டாம். சைலன்சர் பக்கம் அப்போது வரும் சூடு தீப்பிடிக்கப் போதுமானது.

விளக்கை வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது, பிறகு ரீஜெனைத் திணிப்பது

முதல் விளக்கு எரியும்போது ஒரு நீண்ட ஓட்டத்தில் முடிந்திருக்கும் விஷயம், செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போனபின் அப்படி முடியாது. ஏனென்றால் செக் இன்ஜின் விளக்கு எரிந்தாலே பல வண்டிகளில் ஈசியூ ரீஜெனை நிறுத்தி வைத்துவிடும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தாலும் அதேதான். அப்புறம் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கரி குறையாது, கூடத்தான் செய்யும்.

அந்தக் கட்டத்தில் ஈசியூவோடு பேசும் ஸ்கேனர் கருவியை மாட்டி வலுக்கட்டாயமாக ரீஜென் ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. கரி அளவு தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருந்தால் அது சரியான வழிதான். வரம்பைத் தாண்டியிருந்தால் கூடவே கூடாது. அளவுக்கு மீறிய கரி ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் உள்ளே சூடு 1000 டிகிரியையும் தாண்டும். பீங்கான் விரிசல் விடும், சில இடங்களில் உருகியே போகும். ஸ்கேனர் மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதை ஏமாற்றி ஓட்டவைப்பது, சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கக் கூடிய ஃபில்டரைக் குப்பைக்கு அனுப்பும் வேலை.

சென்சாரைச் சோதிக்காமல் ஃபில்டரைக் கழற்றுவது

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஈசியூ அடைப்பைக் கணக்கிடுகிறது. இதை அளக்கும் சென்சாருக்கு இரண்டு மெல்லிய ஹோஸ் பைப்புகள் போகும். அவை சூட்டில் வெடிக்கும், கரியும் நீரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், சில நேரம் இடம் மாற்றி மாட்டப்பட்டிருக்கும். முன்பக்க ஹோஸ் கிழிந்திருந்தால் அழுத்தம் குறைவாகத் தெரிந்து, உண்மையான அடைப்பு மறைந்துவிடும். சென்சாரே கெட்டு எப்போதும் உயர்ந்த எண்ணையே காட்டினால் காலியான ஃபில்டரும் நிரம்பியதாகத் தெரியும்.

சோதிப்பது எளிது. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிறகு இன்ஜினை ஓட்டி மெதுவாக ஆர்பிஎம்மை ஏற்றினால் எண் சீராக ஏறி, விட்டதும் இறங்க வேண்டும். பிழைக் குறியீடுகளும் வழிகாட்டும். பி2463 கரி மிகுதியைச் சொல்கிறது, பி242எஃப் சாம்பலைச் சொல்கிறது, பி2452, பி2453 இரண்டும் அழுத்த சென்சார் தொடர்பானவை. குறியீட்டைப் படிக்காமல் அழித்துவிட்டு வரும் வண்டியில் நோய் கண்டுபிடிப்பது மெக்கானிக்குக்கு எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள்.

கரி எங்கிருந்து வருகிறது என்று கேட்காதது

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய செலவு வைக்கும் தவறு இதுதான். ஃபில்டரைச் சுத்தம் செய்து மாட்டிய சில மாதங்களிலேயே மறுபடி அடைத்துக்கொண்டால், இன்ஜின் அளவுக்கு மீறிக் கரி உண்டாக்குகிறது, அல்லது ரீஜென் நடக்கவே முடியாமல் ஏதோ தடுக்கிறது.

முதல் வகையில் ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தே மாட்டிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது), இன்டர்கூலர் குழாயில் காற்றுக் கசிவு, அடைத்த ஏர் ஃபில்டர், ஆயில் கசியும் டர்போ ஆகியவை வரும். டர்போ ஆயில் கசிந்தால் கரியும் சாம்பலும் இரண்டும் சேரும். இரண்டாவது வகையில் பலர் கண்டுகொள்ளாமல் விடுவது தெர்மோஸ்டாட். அது திறந்தபடி நின்றுவிட்டால் கூலன்ட் முழுச் சூட்டுக்கு வராது, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ ரீஜெனைத் தொடங்காது. மலிவான ஒரு பாகம், விலை உயர்ந்த ஃபில்டரைக் கொன்றுவிடும். புகைச் சூட்டை அளக்கும் சென்சார்களில் ஒன்று கெட்டாலும் அதே நிலைதான். ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் இடையே சாதாரணமாகச் சில நூறு கிலோமீட்டர் இருக்கும். அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால் விளக்கு எரியும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆட்புளூ போட்டால் டிபிஎஃப் சரியாகும் என்ற பேச்சும் இருக்கிறது. ஆகாது. அது நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் எஸ்சிஆர் அமைப்புக்கானது. அந்தத் திரவம் கரியைத் தொடுவதே இல்லை.

ஆயிலில் சிக்கனம்

டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். ஐரோப்பிய ஏசிஇஏ வகைப்பாட்டில் சி2, சி3 ஆயில்களில் சல்பேட்டட் சாம்பல் (ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு) 0.8 சதவீதத்துக்குள்ளும், சி4 ஆயிலில் 0.5 சதவீதத்துக்குள்ளும் இருக்கும். கனரக டீசல் இன்ஜினுக்கான அமெரிக்க ஏபிஐ தரத்தின் சிகே-4 ஆயிலில் வரம்பு 1 சதவீதம். எது வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், அதை மட்டும் வாங்குங்கள். டின்னில் டீசல் என்று எழுதியிருப்பது போதாது. தவறான ஆயிலின் விளைவு உடனே தெரியாது என்பதுதான் இதில் மோசம். சாம்பல் பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகே காட்டிக்கொடுக்கும், அப்போது ரீஜென் எதுவும் உதவாது.

சுத்தம் என்ற பெயரில்

டேங்கில் ஊற்றும் கிளீனர்களில் சில, கரி பற்றும் வெப்பநிலையைக் குறைத்துக் கொஞ்சம் உதவக்கூடும். சாம்பலை எதுவும் கரைத்து அனுப்பாது. உலோகச் சேர்மானம் உள்ளவை அவற்றின் பங்குக்குச் சாம்பலைக் கூட்டவும் செய்யும்.

பிரஷர் வாஷரால் ஃபில்டருக்குள் தண்ணீர் அடிப்பது இன்னும் கெடுதல். சாம்பலைக் குழலின் அடியில் இறுக்கிவிடும், கேட்டலிஸ்ட் பூச்சையும், பீங்கானைப் பிடித்து வைத்திருக்கும் மெத்தையையும் சிதைக்கும். அமிலம் ஊற்றுவதும் பூச்சை அரித்துவிடும். முறையான பட்டறையில் ஃபில்டரைக் கழற்றி, முதலில் எடை போடுவார்கள். பிறகு சூளையில் வைத்துக் கரியை எரித்து, புகை போகும் திசைக்கு எதிர்த்திசையில் காற்றடித்துச் சாம்பலை வெளியேற்றுவார்கள். அதற்கென உள்ள இயந்திரத்தில் நீரால் கழுவுவதும் உண்டு. முடிவில் மறுபடி எடையும் காற்றோட்டமும் பார்ப்பார்கள். இந்த எண்களைக் காட்ட முடியாத இடத்தில் கொடுக்க வேண்டாம். கழற்றும்போது ஃபில்டரின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே கரி படிந்திருந்தால் உள்ளே விரிசல் விழுந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்வது வீண், மாற்றத்தான் வேண்டும்.

சுத்தம் செய்யாமலே ஈசியூவில் கரி, சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்கி விளக்கை அணைப்பவர்களும் இருக்கிறார்கள். இனி ஈசியூ நிரம்பிய ஃபில்டரைக் காலி என்று நம்பும், கரி வரம்பைத் தாண்டும், அடுத்த ரீஜெனில் மேலே சொன்ன அந்த உருகல் நடக்கும்.

ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் குழாய் மாட்டுவது, உள்ளே துளை போடுவது, மென்பொருளால் மறைப்பது இவற்றை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ள நாடுகளில் அது குற்றம், வண்டி தகுதிச் சோதனையில் தேறாது என்பதெல்லாம் இருக்கட்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகை முதலில் போவது வண்டிக்குப் பின்னால் நிற்பவர்களின் மூச்சுக்குள்.

சுத்தம் செய்தோ புதிதாகவோ ஃபில்டரை மாட்டியபின், ஈசியூ கணக்கை மீட்டமைத்ததை உறுதி செய்துகொள்ளுங்கள், இந்த முறை அது அவசியம். அப்படியே ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று ஸ்கேனரில் பார்த்து, ஓடோமீட்டர் எண்ணோடு குறித்து வையுங்கள். அடுத்த சர்வீஸில் அதே ஆர்பிஎம்மில் எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டால், விளக்கு எரியும் முன்பே ஃபில்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.