யூரின் கல்ச்சருக்குச் சாம்பிள் எடுக்கும் முறை

சிறுநீர் வெளிவரும் பாதையின் வாசலிலும் சுற்றியுள்ள தோலிலும் எல்லோருக்கும் கிருமிகள் குடியிருக்கின்றன. அது நோயல்ல. குடலில் சாதுவாகக் கிடக்கும் ஈ.கோலை என்ற கிருமி இந்தப் பாதையில் மேலேறி, தன் மேலுள்ள நுண்ணிழைகளால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொண்டு பெருகினால்தான் தொற்று. கல்ச்சர் என்பது சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. அது தேடுவது பைக்குள் இருப்பதை. வாசலில் இருப்பது டப்பாவில் விழுந்தால் முடிவு குழம்பிவிடும்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சாம்பிள் கொடுங்கள். ஒரே ஒரு மாத்திரை போட்டிருந்தாலும் கிருமி வளராமல் போகலாம். காலையில் எழுந்ததும் வரும் சிறுநீர்தான் நல்லது. சிறுநீர் வரட்டும் என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்காதீர்கள், நீர்த்துவிடும்.

கைகளை 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெண்கள் இதழ்களை விரித்துப் பிடித்து, முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். சாம்பிள் எடுத்து முடியும்வரை விரித்த கையை விடக்கூடாது. ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்யுங்கள். கிருமிநாசினி வேண்டாம், அது சாம்பிளில் கலந்தால் தேடும் கிருமியையே கொன்றுவிடும்.

முதலில் வருவதைக் கழிப்பறையில் விடுங்கள், வாசலைக் கழுவிக்கொண்டு போவது அதுதான். ஓட்டத்தை நிறுத்தாமல் டப்பாவை நீட்டி 10 முதல் 20 மில்லி பிடித்தால் போதும். டப்பாவின் உள்பக்கத்தையோ மூடியின் உள்பக்கத்தையோ விரல் தொடக்கூடாது. மூடியைக் கவிழ்த்து வைக்கவும் கூடாது. உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் கொட்டிவிடாதீர்கள். அது கிருமி பெருகாமல் தடுக்கும் போரிக் அமிலம். அப்படிப்பட்ட டப்பாவைக் கோடு வரை நிரப்ப வேண்டும்.

அதிகம் கெடுவது இதற்குப் பிறகுதான். ஈ.கோலை, சூழல் வாய்த்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அறை வெப்பத்தில் மதியம்வரை வைத்த சாம்பிளில் நூறு கிருமி லட்சமாகிவிடலாம். 2 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள், 24 மணி நேரம் தாங்கும். ஃபிரீசரில் வைக்கக்கூடாது.

முடிவு வர ஒன்றிரண்டு நாளாகும். மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல் ஒரே வகைக் கிருமி வளர்ந்து, எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் இருந்தால் பெரும்பாலும் தொற்றுதான். தொந்தரவு அதிகமிருந்தால் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையையும் மருத்துவர் கணக்கில் எடுப்பார். மூன்று நான்கு வகை கலந்து வளர்ந்திருந்தால் பெரும்பாலும் சாம்பிள் எடுத்ததில்தான் பிழை, மறுபடி எடுங்கள். தொந்தரவே இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால் பெரும்பாலோருக்கு மருந்து தேவைப்படாது. கர்ப்பிணிகளுக்கு அப்படி விடக்கூடாது, கவனிக்காவிட்டால் தொற்று சிறுநீரகம்வரை ஏறலாம்.