மச்சானும் நாத்தனாரும் ஆங்கிலத்தில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சகலையை ‘கோ-பிரதர்’ என்றும் ஓரகத்தியை ‘கோ-சிஸ்டர்’ என்றும் சொல்வது நம் ஊர் ஆங்கிலம். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு இது விளங்காது. ‘பிரதர்-இன்-லா’, ‘சிஸ்டர்-இன்-லா’ போதும். ஆனால் அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள், தம்பி பெண்டாட்டி, ஓரகத்தி எல்லோருமே ‘சிஸ்டர்-இன்-லா’தான். எவர் என்று தெரிய வேண்டிய இடத்தில் ‘மை ஹஸ்பண்ட்ஸ் சிஸ்டர்’ என்று நீட்டிச் சொல்லிவிடுங்கள். சம்பந்திக்கும் இதே வழி: ‘மை டாட்டர்ஸ் ஃபாதர்-இன்-லா’. ஆங்கிலத்தில் அவருக்குத் தனிச்சொல் கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

மாமா, மருமகன் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அம்மாவின் தம்பி ‘அங்கிள்’, மனைவியின் அப்பா ‘ஃபாதர்-இன்-லா’. நமக்கு இருவருமே மாமா. அக்காள் மகனை மருமகன் என்று அழைக்கும் பழக்கத்தில் ஒருவர் ‘சன்-இன்-லா’ என்று எழுதினால், பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறார் என்றே படிப்பவர் நினைப்பார். அவன் ‘நெஃப்யூ’. மாமி, சித்தி எல்லோரும் வெறும் ‘ஆன்ட்டி’. அதில் ‘இன்-லா’ ஒட்டாது.

பேச்சில் சிரித்துவிட்டுப் போகலாம், படிவத்தில் முடியாது. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், பெற்றோர் நீங்கலாக நெருங்கிய உறவினர் அங்கே உண்டா என்று கேட்கும். அங்கே கணக்கில் வருவது கணவன் அல்லது மனைவி, நிச்சயிக்கப்பட்டவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மட்டுமே. மச்சானையோ பெரியப்பா மகனையோ ‘பிரதர்’ என்று ஏற்றினால் அது தவறான தகவல். நெருங்கியவர் இல்லை என்றால் ‘மற்ற உறவினர் உண்டா’ என்ற கேள்வி வரும். மச்சானுக்கு இடம் அதுதான். பெரியப்பா மகன் ‘கசின்’, ‘கசின் பிரதர்’ அல்ல.

பன்மையில் ‘எஸ்’ முதல் சொல்லோடு சேரும்: இரண்டு மச்சான்கள் ‘பிரதர்ஸ்-இன்-லா’. உடைமைக்குக் கடைசியில் வரும்: மாமியார் வீடு ‘மதர்-இன்-லாஸ் ஹவுஸ்’. தனியே ‘இன்-லாஸ்’ என்றால் பெரும்பாலும் மாமனார் மாமியார். எழுதும்போது நடுவிலுள்ள இரண்டு சிறுகோடுகளையும் விடாதீர்கள்.

நிச்சயமானவரை ‘மை வுட்-பி’ என்பதும் இங்கேதான் செல்லும். வெளியே ‘ஃபியான்சே’. உச்சரிப்பு இருபாலருக்கும் ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு: ஆணுக்குக் கடைசியில் ஒரு ‘இ’, பெண்ணுக்கு இரண்டு.