“நம்ம சாஃப்ட்வேர் மட்டும்தானே சார் பேசும்?”: விண்டோஸ் டிரைவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் எழுதிய டிரைவரை, அதாவது ஹார்டுவேரை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராமை, போன வாரம் படித்தேன். வருடக் கணக்கில் மறந்திருந்த என் பழைய கோடு வேறு பெயரில் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நல் பாயிண்டரைப் பார், கம்பைலர் எச்சரிக்கையை விடாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிவைஸை ஊருக்கே திறந்து வைப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. டிரைவர் ஓடுவது விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள். வெளியே இருக்கும் புரோகிராம் அதன் டிவைஸ் பெயரைத் திறந்து, ஐ.ஓ.சி.டி.எல். எனும் கட்டளை எண்ணை அனுப்பி வேலை வாங்கும். யார் திறக்கலாம் என்று சொல்ல வேண்டியது நாம். கேட்டால், “நம்ம சாஃப்ட்வேர் மட்டும்தானே சார் பேசும்?” என்கிறார்கள். நம்ம சாஃப்ட்வேர், அடுத்தவன் சாஃப்ட்வேர் என்ற பேதமெல்லாம் கர்னலுக்குத் தெரியாது.

நானும் அதையேதான் சொன்னேன். ஒரு டெஸ்ட் போர்டுக்கான டிரைவர் அது. போர்டின் ரெஜிஸ்டர்களை (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பு இடங்களை) பார்க்க வசதியாக, எந்த ஃபிசிக்கல் முகவரியைக் கொடுத்தாலும் படிக்கவும் எழுதவும் ஒரு ஐ.ஓ.சி.டி.எல். வைத்திருந்தேன். முகவரி போர்டுக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கட்டளை எண்ணில் அனுமதியைக் குறிக்கும் இடத்தில், சாம்பிள் கோடில் இருந்த ‘எனி ஆக்சஸ்’ (எந்த அனுமதியில் திறந்தாலும் ஏற்கும்) அப்படியே கிடந்தது.

சீனியர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். சாதாரண யூசர் கணக்கில் நுழைந்து, கையோடு கொண்டுவந்த சின்ன புரோகிராமை ஓட்டினார். அப்புறம் கமாண்ட் விண்டோவில் ‘ஹூஅம்ஐ’ (நான் யார்) என்று அடித்தார். ‘என்டி அத்தாரிட்டி\சிஸ்டம்’ என்று பதில் வந்தது, விண்டோஸின் உச்ச அதிகாரக் கணக்கு. என் ஐ.ஓ.சி.டி.எல். வழியாகவே மெமரியைத் துழாவி, சிஸ்டம் பிராசஸின் டோக்கனை, அதாவது அதன் அதிகாரச் சீட்டை, எடுத்துத் தன் பிராசஸில் ஒட்டியிருக்கிறார். அதற்குள் போர்டு வாடிக்கையாளர்கள் கைக்குப் போயிருந்தது. திரும்ப பில்டு, திரும்ப சைன் (டிஜிட்டல் கையெழுத்து), ஒவ்வொருவருக்கும் போன் என்று மூன்று வாரம் போனது.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. டெல் கம்பெனியின் ஃபர்ம்வேர் அப்டேட் கருவிகளோடு 2009 முதல் போய்க்கொண்டிருந்த ‘டிபியூட்டில்_2_3’ டிரைவரிலும் இதே கதைதான். யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் ஐ.ஓ.சி.டி.எல்.லை ஏற்று, கர்னல் மெமரியைப் படிக்கவும் எழுதவும் விட்டது. சென்டினல்ஒன் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021 மே மாதம் வெளியே சொன்னார்கள். சி.வி.இ.-2021-21551 என்ற ஒரே பாதுகாப்புக் குறை எண்ணுக்குள் 5 குறைகள் இருந்தன. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 8.8.

சரி, என்ன செய்வது? டிவைஸை உருவாக்கும்போதே சிஸ்டமும் அட்மினும் மட்டும் திறக்கலாம் என்று எழுதிவிடுங்கள். கூடவே ‘செக்யூர் ஓபன்’ ஃபிளாகைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் டிவைஸ் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஏதோ நாலு எழுத்தும் சேர்த்துத் திறந்தால் போதும், நீங்கள் எழுதிய அனுமதியை விண்டோஸ் பார்க்காமலே விட்டுவிடும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவை மறந்த கதை. முகவரியை வெளியிலிருந்து வாங்கும் ஐ.ஓ.சி.டி.எல். உண்மையிலேயே தேவையா என்றும் கேளுங்கள். என் போர்டுக்கு ரெஜிஸ்டர் எண் மட்டுமே போதுமாக இருந்தது.

“அட்மின் இல்லாமல் லோடே ஆகாதே”

இப்படியும் சொல்வார்கள். டிரைவரை ஏற்றத்தான் அட்மின் வேண்டும். ஏறிய பிறகு யார் தட்டினாலும் திறக்கும்.

யூசர் கொடுத்த நீளத்தை நம்புவது

ஹெச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் பிரிண்டர்களோடு 2005 முதல் போன ஒரு டிரைவர், யூசர் சொன்ன நீளத்துக்கே சரத்தை நகலெடுத்தது. ‘ஸ்ட்ரிங் என் காப்பி’தான் போட்டிருந்தார்கள், ஆனால் எத்தனை எழுத்து என்று சொல்லும் அந்த ‘என்’ யூசர் கையில் இருந்தது. 2021-ல்தான் வெளியே தெரிந்தது.

அதே நீளத்தை இரண்டு தடவை படிப்பது

முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில் யூசர் புரோகிராமின் இன்னொரு த்ரெட் (கூடவே ஓடும் வேலை) அதை மாற்றிவிடும். நீளத்தைக் கர்னலுக்குள் ஒரே தடவை நகலெடுத்து, நகலைச் சோதியுங்கள்.

திருத்திவிட்டோம், முடிந்தது என்பது

பழைய கோப்பில் உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது, விண்டோஸ் அதை இன்னும் ஏற்கும். டெல் திருத்தம் வந்த பிறகு, 2021 இலையுதிர் காலத்தில், லாசரஸ் ஹேக்கர் கும்பல் அந்தப் பழைய டிரைவரைத் தானே கொண்டுவந்து ஏற்றி, விண்டோஸின் கண்காணிப்பு வசதிகளை அணைத்ததை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. புது வெர்ஷனின் இன்ஸ்டாலர் பழைய ‘சிஸ்’ டிரைவர் கோப்பை அழிக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பை மைக்ரோசாஃப்டுக்கும் அனுப்பி, டிரைவர் தடைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நம் டிரைவரை நாமே தடை செய்யச் சொல்வதா என்று மேனேஜர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.