சீமைக்கருவேலை வெட்டும் முன் அம்புக்குறி போடுங்கள்

ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் திட்டத்தின் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "கண்மாயில் சீமைக்கருவேல் அகற்ற வேண்டும்." நியாயமான கோரிக்கை. ஆனால் அதைத் தீர்மானமாக்கும் முன் பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் சுய உதவிக் குழுத் தலைவிகள்தான் வருவார்கள். விறகு வெட்டுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் வர வேண்டுமென்றால், பொழுது சாய்ந்தபின் அவர்கள் தெருவிலேயே கூடுங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. ஊராட்சித் தலைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கணவரே பதில் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவரை இந்தக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு 'கண்மாய்' என்று எழுதுங்கள். மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி. ஆண்களிடம் கேட்டால் நீர் பெருகும், வயல் விளையும் என்று அம்புகள் ஒரே திக்கில் ஓடும். பெண்கள் வேறு பக்கம் இழுப்பார்கள். விறகு போகும், சிலிண்டர் இருக்கும் வீட்டிலும் நெல் அவிக்க, வெந்நீர் போட விறகுதான். மரத்தை எரித்துக் கரியாக்கும் மூட்டத்தில் கிடைக்கும் கூலி போகும். கூலி நின்றால் குழுக் கடனின் தவணை தவறும். இன்னொருத்தி எதிர்த்துப் பேசுவாள்: கண்மாய் பெருகினால் ஊரணியும் ஊறும், தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இரண்டையும் வரையுங்கள். வெட்டிய மரம் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும் என்பதற்கும் ஓர் அம்பு, வட்டத்துக்கே திரும்பி வரட்டும்.

பிறகு ஒவ்வொரு அம்பின் முனையிலும் ஒரே கேள்வி: இது யாருடைய நேரம், யாருடைய கூலி?

அதிலிருந்துதான் தீர்மானம் மாறும். நீர்பிடிப்பில் வேரோடு தோண்டுவது, புறம்போக்கில் ஒரு பகுதியை விறகுக்கு விட்டுவைப்பது, மரத்தை ஒரே ஏலமாக ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் குழுக்களும் எடுக்கும்படி சிறு பங்குகளாகப் பிரிக்கக் கோருவது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துடையது. மனுவை அதற்கேற்ப எழுதுங்கள்.

கிராம சபையில் தீர்மானத்தை விறகு வெட்டும் பெண்களில் ஒருவரே முன்மொழியட்டும். வருகைப் பதிவேட்டில் விழும் கையெழுத்துகளின் எண்ணிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை. தீர்மானப் புத்தகத்தில் வாசகம் நீங்கள் சொன்னபடியே ஏறியதா என்று அங்கேயே வாசிக்கக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.